எட்டடி ஒன்பதரை அங்குலம்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் தவறு, டீக்கடையில் டின்பால் போட்டு டீ கேட்டது. மலேசியாவில் பிறந்து நாற்பது வருடம் அதையே குடித்து வளர்ந்த நாக்கு. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க மாட்டுப் பாலுதாங்க. எங்க மாடு டின்னுல கறக்காது" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் டீ நன்றாக இருந்தது, அதை மறைக்க முடியாது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

வந்த காரியம் சின்னதுதான். அப்பாவுக்குச் சொந்த ஊர் மங்களூர் பக்கம். கடலோர மங்களூர் இல்லை, திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்முடைய மங்களூர். இளவயதில் கப்பலேறி ஈப்போவுக்கு வந்தவர், ஊரில் கிடந்த தன் பங்கு நிலத்தைத் தம்பி பெயருக்கே எழுதிவிடத் தீர்மானித்தார். எழுபது தாண்டிய உடம்பு இன்னொரு கப்பல் பயணத்தைத் தாங்காது என்று என்னை அனுப்பினார். கையெழுத்துப் போட வேண்டும், சொந்தங்களைப் பார்க்க வேண்டும், திரும்ப வேண்டும். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது.

ஸ்டேஷனுக்கு ராமலிங்கம் சைக்கிளோடு வந்திருந்தான். என் சித்தப்பா மகன். அங்கே உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். அதுவரை போட்டோவில் மட்டும் பார்த்த தம்பி. என் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே, "அண்ணா, ஞாயித்துக்கெழம உங்களுக்கு ஒரு வேல வெச்சிருக்கேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஈப்போவில் நான் ரயில்வே குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் கால்பந்து ரெஃப்ரி. விசிலை வாயில் வைத்தால் கூடப் பிறந்தவன் ஆடினாலும் கண்ணுக்குத் தெரியாது என்று பெயர் வாங்கியவன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர்கள் பள்ளி மைதானம் திறந்து பத்து வருடம் ஆகிறது, ஆண்டு விழா மாட்ச்சுக்கு வெளிநாட்டு ரெஃப்ரி ஊதினால் ஊரே வரும் என்பது தம்பியின் கணக்கு.

கடிதத்தில் ஸ்டேடியம் என்று எழுதியிருந்தான். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் கேலரி, அதிலும் ஏழே படி. ஈப்போவில் நான் ஊதுகிற மைதானத்தை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது. கிட்டப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. பீங்கான் சூளையில் ஜாடிகளையும் கோப்பைகளையும் உள்ளே அடுக்கிச் சுடுவதற்குக் கனத்த மண்பெட்டிகள் வைத்திருப்பார்கள். பல தடவை நெருப்பைப் பார்த்ததும் அவை விரிசல் விட்டுவிடும். அப்படி விரிசல் விட்டதையெல்லாம் மாட்டுவண்டியில் கொண்டுவந்து, உள்ளே மண்ணை அடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிக் கட்டிய கேலரி அது. எல்லைக் கோட்டுக்கு நாலடி தள்ளி, கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் மூளியானவற்றை வரிசையாகப் புதைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்குப் பத்து நாள் என்று முறை வைத்து ஊரே வேலை செய்ததாம்.

இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பத்தில் கோல். இழைத்திருந்த இழைப்பில் ஒரு கணு கையில் தட்டுப்படவில்லை. "யார் செய்தது?" என்று கேட்டேன்.

"மாசிலாமணின்னு ஒருத்தருண்ணா. பீங்கான் தொழிற்பேட்டையில ஜாடி அச்சுக்கு மாடல் செய்றவரு. ஞாயித்துக்கெழம மேடையில அவருக்குத்தான் பொன்னாட" என்றான் ராமலிங்கம்.

மறுநாள் வியாழக்கிழமை, கையெழுத்துப் போட மங்களூருக்குப் பஸ் ஏறினேன். பெண்ணாடம் வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், ஆண்கள் எல்லாரும் இறங்கினார்கள். இறங்கிய எல்லாரும் என்ஜினைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணி வாயைத் திறக்கமாட்டான், கம்பெனிக்கு மட்டும் கடுதாசி எழுதுவான். இங்கே பஸ் எல்லாருக்கும் சொந்தம் போலிருந்தது. கரும்பு ஏற்றிய வண்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எருது கட்டி இழுத்துட்டுப் போவட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புளியமரத்து நிழலில் என் பக்கத்தில் மங்கலம்பேட்டைப் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துணி மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர். மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். பேச்சுக் கொடுத்த இரண்டாவது நிமிடத்திலேயே, "அப்ப நீங்கதான் ஞாயித்துக்கெழம விசிலு ஊதப் போறவருங்களா!" என்றார். செய்தி என்னைவிட வேகமாகப் போயிருக்கிறது.

"அந்தக் கிரவுண்டு ராசியே தனிங்க" என்றார் பாய். "எங்க பசங்க அங்க ஆடப் போனா ஆறு ஏழுன்னு வாங்கிக்கிட்டு வருவானுங்க. போடறதும் அஞ்சாறு போடுவானுங்க. கோலு வுழுந்துகிட்டே இருக்கும். பாக்கறவங்களுக்கு ஜாலிதான். ஆனா தெறந்த அன்னிக்கு ஒண்ணு வுழுந்துச்சு பாருங்க, அதத்தான் இன்னும் யாரும் மறக்கல."

பஸ் கிளம்புகிறாற்போல் இல்லை. சொல்லச் சொன்னேன்.

"நானும் கேலரியில ஒக்காந்திருந்தேங்க. வெளியூர் பள்ளிக்கூடத்தோட மேச்சு. அன்னிக்கு வரைக்கும் புது கிரவுண்டுல யாரும் கால வெக்கலை, மொத ஆட்டம் விழா அன்னிக்குத்தான்னு கட்டுப்பாடு. ரெண்டு பக்கமும் மூணு மூணு. முடிய ரெண்டு நிமிஷம் இருக்குது. அவங்க ஒதச்ச பந்து ஒசரமா வந்துச்சு. விருத்தாசலத்து கோல்கீப்பர் ஏழுமலைன்னு ஒரு பையன், பதினேழு வயசு. அந்தப் பந்த அப்படியே நின்னு பாத்தான். கையத் தூக்கலைங்க. பந்து நேரா உள்ள போயிடுச்சு."

"தவறவிட்டிருப்பான்" என்றேன்.

"தவறினவன் தாவியிருப்பான்ல? ஆட்டத்துக்கு நடுவுல எதிர் டீமு மேனேஜர் அவனக் கூப்புட்டு, நல்லாப் புடிக்கறடான்னு ஒரு சோடா வாங்கிக் குடுத்தாரு. ஊரே பாத்துச்சு. ஒரு சோடாவுக்குக் கோல வித்துட்டான்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கி வரைக்கும் அவன் பேரு சோடா ஏழுமலதான்."

கடலைத் தோலை ஊதிவிட்டு அவர் தொடர்ந்தார். "அந்தக் கோல் கம்பம் செஞ்ச மாசிலாமணி இருக்காரே, அவரு பையந்தாங்க அவன். அவருக்கு மாலையப் போட்டு முன்னால ஒக்கார வெச்சிருந்தாங்க. கோலு வுழுந்ததும் மாலையக் கழட்டி வெச்சிட்டு எந்திரிச்சிப் போனாரு. பத்து வருஷமா மவங்கிட்ட ஒரு வார்த்த பேசறதில்ல. ஒரே வூட்டுலதான் இருக்காங்க."

அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பையன் விலைபோயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பதினைந்து வருடம் விசில் ஊதியவனுக்கு அப்படித்தான் தோன்றும். பந்து கோலுக்குள் வரும்போது கையைத் தூக்காத கோல்கீப்பரை எந்த ரெஃப்ரியும் நம்பமாட்டான்.

பஸ் ஒரு வழியாக இருமிக்கொண்டு கிளம்பியது. கையெழுத்துப் போட்டேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திரும்பி வருகிற பஸ் நிற்காமல் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாசிலாமணி வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஊருக்கு வந்த வெளிநாட்டு ரெஃப்ரியைத் தன் வீட்டில் சாப்பிட வைக்க வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். அறுபது வயதுக்கு நெருங்கிய, ஒட்டிய உடம்பு. விரல் இடுக்குகளில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. கழுவினாலும் போகாதாம். அவர் மனைவி பட்டம்மாள் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் பரிமாறினார். எங்கள் ஊரில் சம்பல் என்று ஒன்று உண்டு, காரத்தில் அதற்கு மிஞ்சியது உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் குழம்பு என் நினைப்பை மாற்றியது. கண்ணில் தண்ணீரோடு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் ஏழுமலை சூளை வேலை முடிந்து வந்தான். அப்பா மாடல் செய்கிற அதே பேட்டையில்தான் அவனுக்கும் வேலை. இருபத்தேழு வயது, நல்ல உயரம், நீண்ட கைகள். பார்த்த உடனே கோல்கீப்பர் உடம்பு என்று சொல்லிவிடலாம். கையைக் கழுவிக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தான்.

மாசிலாமணி தன் இலையைப் பார்த்தபடி, "சூளை எப்ப பிரிக்கறாங்களாம்னு கேளு" என்றார்.

பட்டம்மாள் மகன் பக்கம் திரும்பி, "சூளை எப்பப்பா பிரிக்கறாங்களாம்?" என்றார்.

"திங்கக்கெழமன்னு சொல்லும்மா."

"திங்கக்கெழமயாம்."

இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இல்லை. ஏதோ விளையாட்டு என்று நான் சிரிக்கப் போனேன், ராமலிங்கம் என் தொடையைக் கிள்ளினான். புளியமரத்தடியில் பாய் சொன்னது அப்போதுதான் முழுசாக உறைத்தது. பத்து வருடமாக அந்த அம்மாள் ஒவ்வொரு வார்த்தையையும் இப்படித் தூக்கிக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்திருக்கிறார்.

கை கழுவும் இடத்தில் ஏழுமலை எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினான். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இப்போது ஆடுவதில்லையா?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை என்ன சொல்வது?

"இல்லைங்க. எங்கண்ணு சரியில்ல" என்றான்.

"கண்ணாடி போடலாமே."

"அந்த மாதிரி இல்லைங்க. அந்தப் பந்து மேல போவுதுன்னுதான் எனக்குத் தெரிஞ்சிச்சு. நல்லாத் தெரிஞ்சிச்சு. கம்பத்துக்கு மேல போற பந்துக்கு யாராவது தாவுவாங்களா? ஆனா உள்ள போயிடுச்சு. அப்ப எங்கண்ணுதானே பொய்யி?" சொம்பைக் கவிழ்த்து வைத்தான். "சூளையில நெருப்பு நெறம் பாக்கறதுக்குக் கூட நான் தனியாப் பாக்கறதில்லைங்க. பக்கத்துல இன்னொருத்தன வெச்சிக்கிட்டுத்தான் பாப்பேன்."

அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் நாள் அவனைப் பற்றி நினைத்ததற்கு மனசுக்குள் வெட்கப்பட்டேன்.

சனிக்கிழமை காலையில் மைதானத்தை அளந்துவிட வேண்டும் என்றேன். ராமலிங்கம் தலையைச் சொறிந்தான். "எதுக்குண்ணா? பத்து வருஷமா நின்னுகிட்டு இருக்குது, எங்க போவப் போவுது?"

"அளக்காமல் ஊதமாட்டேன்" என்றேன். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். வெளிநாட்டு ரெஃப்ரி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், வெளிநாட்டு ரெஃப்ரி எப்படி வேலை செய்வான் என்று காட்டிவிட வேண்டும் என்ற வீறாப்புதான். பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதை அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான்.

நீளம் சரி. அகலம் சரி. பெனால்டி பெட்டி சரி. கோடு போட்டவர்களை மனதுக்குள் பாராட்டிக்கொண்டே கோலுக்கு வந்தேன். தரையிலிருந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பாகம் வரைக்கும் எட்டடி இருக்க வேண்டும். எட்டடி ஒன்பதரை அங்குலம் இருந்தது. டேப்பை உதறி மறுபடியும் பிடித்தோம். எட்டடி ஒன்பதரை. இரண்டு கம்பத்துக்கும் நடுவே இருபத்துநான்கு அடி இருக்க வேண்டும். அதையும் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தோம். இருபத்தாறு அடி ஐந்து அங்குலம். எதிர்ப்பக்கத்துக் கோலுக்கு ஓடினோம். அங்கேயும் அதே.

டேப் இழுத்துப் போயிருக்கும் என்றான் தம்பி. கோட்டுக்குச் சரியாக இருந்த டேப் கம்பத்துக்கு மட்டும் எப்படி இழுத்துப் போகும்? ஆனாலும் தச்சர் ஒருவரிடம் இரும்பு டேப் வாங்கிவந்து பார்த்தோம். மாற்றம் இல்லை. உயரம் மட்டும் கூடியிருந்தாலோ அகலம் மட்டும் கூடியிருந்தாலோ வந்தவன் போனவன் எவனாவது கண்டுபிடித்திருப்பான். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடியிருந்ததால் பார்வைக்கு அழகான கோலாகவே நின்றிருக்கிறது. பாய் சொன்ன ராசி என்னவென்று எனக்கு விளங்கியது.

ராமலிங்கம் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஏழுமலை..." என்றான். புல்லைப் பிடுங்கிக்கொண்டே, "நானும் அந்த டீமுல ஆடினேண்ணா. சோடான்னு மொதல்ல கூப்புட்டதே நாந்தான்" என்றான். டிரில் மாஸ்டர், வாட்டசாட்டமான ஆள், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் தைப்பிங்கில் ஒரு கோல்கீப்பர் விலைபோய்விட்டான் என்று இதே சந்தேகத்தில் சங்கத்துக்குப் புகார் எழுதியவன் நான். ஒரு வருடம் அவனை ஆடவிடவில்லை. அன்று நான் எதையும் அளக்கவில்லை. அவன் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை என்பதுதான் அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறுத்தியது.

"விழா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்ணா" என்றான் தம்பி. "நாளைக்கு அந்த மனுஷனுக்குப் பொன்னாட போத்தறோம்."

"போர்த்திவிட்டு அப்புறம் சொன்னால் அந்தத் துணி அவரை என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பார்" என்றேன். அவன் டேப்பைச் சுருட்டினான். இருவரும் பேட்டைக்குக் கிளம்பினோம்.

மாசிலாமணி தன் கொட்டகையில் ஊறுகாய் ஜாடி ஒன்றுக்கு மாடல் கடைந்துகொண்டிருந்தார். சுற்றிலும் பிளாஸ்டர் அச்சுகள், வெள்ளை வெள்ளையாக. எங்களைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கோல் எட்டடி ஒன்பதரை அங்குலம் இருக்கிறது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அகலம்?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்தாறு அடி ஐந்து அங்குலம்."

உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போட்டார். "பத்துக்கு ஒண்ணு" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் போனார். அங்கே இரண்டு ஆணி. ஒன்றில் இரும்பு ஸ்கேல், இன்னொன்றில் நாலடி நீளத் தேக்குக் கோல், அங்குலம் அங்குலமாகக் கோடு வெட்டியது. அதை எடுத்துவந்து இரும்பு ஸ்கேலை மேலே வைத்து என்னிடம் காட்டினார். தேக்குக் கோலில் பத்து அங்குலம் என்று இருந்தது, இரும்பு ஸ்கேலில் பதினொன்றாக இருந்தது.

"இது மண்ணு ஸ்கேலுங்க" என்றார். "மண்ணு சுட்டா சுருங்கும். பத்து அங்குல ஜாடி வேணுமின்னா பதினோரு அங்குலத்துல மாடல் செய்யணும். ஒவ்வொரு வாட்டியும் கணக்குப் போட்டா தப்பு வரும்னு, கூட்டின அளவுலயே கோடு வெட்டி வெச்சிருக்கேன். தெனம் கை இதத்தாங்க எடுக்கும்." கோலைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டார். "விழாவுக்கு நாலு நாளுதான் இருந்துச்சு. வேல முடிஞ்சி வந்து விளக்கு வெச்சிக்கிட்டு கம்பத்த அளந்தேன். எட்டடின்னு சொன்னாங்க. எட்டடி வெச்சேன்."

சவுக்குக் கம்பம் சூளைக்குப் போகாது என்று நாங்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். களிமண் மூட்டையில் சாய்ந்துகொண்டார்.

"அது வெளிய போற பந்துதானா?" என்று கேட்டார். என்னைக் கேட்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கம்பத்துக்கு மேலே போகிற பந்து என்று அவன் சொன்னான். மற்ற மைதானங்களில் எட்டடிக் கோலில் பழகிய கண் அது. கூடிப்போன ஒன்பதரை அங்குலத்துக்குள்தான் பந்து நுழைந்திருக்கிறது. பந்து எட்டடிக்கு மேலே போனது நிச்சயம்" என்றேன். ரெஃப்ரியாக நான் சொன்ன தீர்ப்புகளில் இதைப்போல் எனக்கு உறுதியாக இருந்தது வேறில்லை.

ராமலிங்கம் அப்போதே சூளைக்கு ஓடி ஏழுமலையிடம் சொல்லிவிடத் துடித்தான். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வாணாம் தம்பி. அவன அசிங்கப்படுத்துனது ஊருக்கு நடுவுல. ஊருக்கு நடுவுலதான் சொல்லணும். நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க."

கம்பத்தைப் பிடுங்கிச் சரியாக நடாமல் நான் ஊதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு வாரமாவது ஆகும், நானோ அதற்குள் கப்பலில் இருப்பேன். எனவே ஞாயிற்றுக்கிழமை மாட்ச் இல்லை, விழா மட்டும் என்று ராமலிங்கம் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். காரணம் கேட்டவர்களுக்கு வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். அன்று அவன் திட்டு வாங்காத தெரு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் கேலரி நிறைந்துவிட்டது. மாட்ச் இல்லாத விழாவுக்கு இவ்வளவு கூட்டமா என்று ஆச்சரியப்பட்டேன். காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள். மங்கலம்பேட்டைப் பாய்கூட மேல்படியிலிருந்து எனக்குக் கையை ஆட்டினார். பட்டம்மாள் பெண்கள் பக்கத்தில் முதல் படியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "தம்பி, அவன இட்டாரச் சொன்னாருங்க அவரு. என்னா ஏதுன்னு ஒண்ணும் சொல்லல. நான் கால்ல வுழாத கொறையா இட்டாந்திருக்கேன்" என்றார். அவர் குரலில் இருந்தது பயம். இன்னொரு தடவை ஊர் முன்னால் என்ன நடக்கப்போகிறதோ என்ற பயம். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேனே.

ஏழுமலை கேலரியில் உட்காரவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மைதானத்துக்கு வந்தவன், கடைசி வெள்ளைக் குமிழுக்கு அந்தப் பக்கம், எந்த நிமிடமும் போய்விடுகிறவன் மாதிரி நின்றான். பின்படியிலிருந்து யாரோ "சோடா வந்திருக்காண்டா" என்றது எங்கள் காதிலும் விழுந்தது. என் பக்கத்தில் நின்ற ராமலிங்கம் பல்லைக் கடித்தான்.

வரவேற்பு, வாழ்த்து எல்லாம் ஆனது. பேச வந்தவர்கள் எல்லாரும் ஊர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டார்கள். மேடை என்பது நாலு பெஞ்ச் போட்டு மேலே ஜமுக்காளம் விரித்தது. அவர் தேக்குக் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். பொன்னாடையை விரித்தபடி வந்தவரைக் கும்பிட்டு விலக்கினார். மைக்கை அவர் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதல் இரண்டு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. யாரோ வந்து அவர் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார்கள்.

"இந்தக் கோலு எட்டடி இல்லைங்க" என்றார். "எட்டடி ஒம்போதர அங்குலம். ரெஃப்ரி சார் அளந்து பாத்தாரு. நான் மண்ணு ஸ்கேல வெச்சி அளந்துட்டேன்."

வேறு ஊராக இருந்தால் அதற்கு மேல் விளக்க வேண்டியிருந்திருக்கும். அந்தக் கேலரியில் பாதிப்பேர் பீங்கான் வேலைக்காரர்கள். மண்ணு ஸ்கேல் என்ற சொல் காதில் விழுந்ததுமே படி படியாக ஒரு முணுமுணுப்பு ஏறிப்போவதைக் கேட்டேன். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது.

"அன்னிக்கு வந்த பந்து வெளிய போற பந்து. அவன் நின்னு பாத்தான். நல்ல கோல்கீப்பரு அப்படித்தான் நிப்பான். அவன் கண்ணு தப்பு பண்ணல. எங்கையிதான் தப்பு பண்ணுச்சு. எம்புள்ள சோடாவுக்கு எதையும் விக்கலைங்க." மூச்சு வாங்கினார். "நீங்க பேர் வெச்சீங்க. நான் பேசாமயே இருந்துட்டேன். பெத்தவன் நானே நம்பலைன்னா, ஊரச் சொல்லி என்னாங்க ஆவப் போவுது?"

யாரும் கை தட்டவில்லை. ஏழுமலை நின்ற இடத்திலேயே நின்றான். நீண்ட கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ராமலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மாசிலாமணி கக்கத்திலிருந்து கோலை எடுத்தார். இரண்டு முனையையும் பிடித்து முழங்காலில் வைத்து அழுத்தினார். முற்றின தேக்கு, வயசான கை. கோல் வளைந்ததே தவிர ஒடியவில்லை. மறுபடியும் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அதை ஒடிக்கப் பார்ப்பதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழுமலை நடந்து வந்தான். ஓடவில்லை. மைதானத்தின் குறுக்கே, கோட்டுக்குள் கால் வைத்து நடந்து வந்தான். பெஞ்ச் மேல் ஏறினான். அப்பாவின் முழங்காலுக்கு மேலே கோலைப் பிடித்தான்.

"வுடுப்பா" என்றான். "நாளைக்கி வேலைக்கி வேணுமில்ல."

கிழவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. மைக்கை நிறுத்த வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. "சரிடா" என்று அவர் சொன்னது ஏழாவது படி வரைக்கும் கேட்டது.